பக்கவிளைவு அண்ணியும் ஒரு கட்டு டிராகன் சீட்டும்

எங்கள் குடும்பத்தில் அண்ணிக்கு வைத்திருக்கும் பெயர் பக்கவிளைவு. வைத்தது நான்தான். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் வேறு பெருமை எனக்குக் கிடையாது.

மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் இருக்குமே, பிரித்த கையோடு குப்பைக்குப் போகுமே, அதை முழுசாகப் படிக்கிற ஒரே ஜீவன் என் அண்ணி. படிப்பதற்குச் சம்பளமும் வாங்குகிறாள். மருந்து கம்பெனியின் மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மேஜை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சிவப்புப் பேனா, ஓர் அடிக்கோல். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரியையும் அடிக்கோலை நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் என்பது பின் என்று ஆகிவிடக் கூடாது. அரை மாத்திரை ஆறு மாத்திரை ஆகிவிடக் கூடாது. அச்சான பிறகு ஒரு தப்பு கண்ணில் பட்டால் மொத்தக் கட்டையும் இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கச் சொல்லிவிடுவாள். மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்தாலும் இரக்கம் கிடையாது.

வேலையை ஆபீசிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் புண்ணியவான்கள். அண்ணி அந்தக் கண்ணை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்து விடுவாள். ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, "போதுமான அளவு எடுக்கவும்னு போட்டிருக்கான். போதுமானதுன்னா எவ்வளவு? மொட்டைக்கும் அதே அளவா?" என்று கேட்பாள். நான் செல்போன் கடையில் கவுண்டரில் நிற்கிறவன். எங்கள் கடை விளம்பரத்தைக் காட்டினால் போச்சு, அன்றைக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைக்கும்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே அப்படி ஒரு வரியால்தான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவள் ஆபீஸ் லிஃப்ட்டைச் சரிபார்க்கப் போனவன், 'வேலை நடக்கிறது, சிறிது நேரம் பொறுக்கவும்' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டு உள்ளே இறங்கிவிட்டான். மேலே இருந்து ஒரு குரல்.

"சிறிது நேரம்னா எவ்வளவு நேரம்?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதணும்."

மறுநாள் அட்டையில் 'எப்போது முடியும் என்று தெரியாது, மன்னிக்கவும்' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாளாம். அந்தச் சிரிப்புக்காக லிஃப்ட்டை இன்னும் இரண்டு நாள் இழுத்தடித்தேன் என்று அண்ணன் இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறான்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை மதியம் என்றால் கச்சேரிதான். சாப்பாட்டு மேஜையோடு இஸ்திரி மேஜையையும் சேர்த்துப் போடுவோம். அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்த பெயிண்டர் வருவார். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர். எவ்வளவு குடித்தாலும் நிலை மாறாத மனிதர் என்று அவரே சொல்லிக்கொண்டதால் அவருக்குப் பீப்பாய் என்று பெயர். அவர் மனைவி கணக்கு டீச்சர். அப்புறம் அண்ணனோடு வேலை பார்க்கிற ஒல்லி. எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பது அண்ணன். யாருக்கு எவ்வளவு சோடா, யாருக்கு எத்தனை ஐஸ் என்பதெல்லாம் அவன் விரல் நுனியில். பாட்டில் அவன் கையில் இருந்தால்தான் அது சனிக்கிழமை.

அப்படிப்பட்ட அண்ணன் ஒருநாள் குடியை நிறுத்திவிட்டான். திங்கட்கிழமை காலையில் லிஃப்ட் குழிக்கு மேலே நின்றுகொண்டு ஸ்பானரை எடுத்திருக்கிறான், கை நடுங்கியிருக்கிறது. கீழே ஒல்லி குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். ஸ்பானர் விழவில்லை. விழுந்திருந்தால் என்று நினைத்தவனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னான். வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றான்.

"சொன்னா என்னங்க? அவங்க என்ன கடிச்சா தின்னுடுவாங்க?" என்றாள் அண்ணி.

"பாவம்னு பாப்பாங்க. இல்லன்னா என் முன்னாடி குடிக்கச் சங்கடப்பட்டு வேற வீட்டுக்குப் போயிடுவாங்க. ரெண்டுமே எனக்கு வேணாம்."

அதனால் வாரத்துக்கு ஒரு சாக்கு. ஒரு வாரம் வயிற்று வலி, ஒரு வாரம் அவசர வேலை, ஒரு வாரம் இல்லாத மாமாவுக்கு உடம்பு சரியில்லை. சாக்குக் கேட்டுச் சலித்துப்போய் அவர்களும் வருவதைக் குறைத்தார்கள். பிறகு நிறுத்தியே விட்டார்கள். அண்ணன் சனிக்கிழமை மதியங்களில் டிவி முன்னால் உட்கார்ந்து வானிலை பார்க்க ஆரம்பித்தான். போகவே போகாத ஊர்களில் மழை பெய்யுமா என்று அவனுக்கு என்ன கவலை? இஸ்திரி மேஜையில் நிஜமாகவே துணி தேய்த்துக்கொண்டிருந்தாள் அண்ணி. திடீரென்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்கு அந்தச் சத்தம் வேணும். இவர் இப்படி மழையைப் பாத்துட்டு உக்காந்திருக்கிறதை என்னால பாக்க முடியல," என்றாள். கண் கலங்கியிருந்தது. அண்ணி கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கிண்டல் எதுவும் வாயில் வரவில்லை.

என்னால் முடிந்ததை நான் செய்தேன். அதாவது, கடைக்குப் போய் ஒன்றை வாங்கினேன். பெரியவர்கள் கூடிக் குடிக்கும்போது ஆடுகிற சீட்டு விளையாட்டு. பெட்டியின் மேல் ஒரு டிராகன், கீழே ஒரு கோட்டை, நடுவில் கோப்பையைத் தூக்கிப் பிடித்த ஒரு சூனியக்காரி. வரும் சீட்டைப் பொறுத்து யார் குடிக்க வேண்டும், யார் தப்பிக்கலாம் என்பது முடிவாகும்.

அண்ணி விதிகளைப் படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"சூனியக்காரி வந்தால் இடது பக்கம் குடிக்கவும். யாரோட இடது? சூனியக்காரியோடதா, நம்மளோடதா?"

"அண்ணி, இது விளையாட்டு."

"விளையாட்டா இருந்தாலும் உள்ள போறது வயித்துக்குத்தானே?"

படித்து முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சும்மா உக்காந்து குடிக்கும்போது எல்லார் கண்ணும் கிளாஸ் மேலதான் இருக்கும். யாரோடது காலி, யாரோடது அப்படியே இருக்குன்னு. கையில சீட்டைக் குடுத்துட்டா கண்ணு சீட்டுக்குப் போயிடும். இவர் கிளாஸ்ல ஆப்பிள் ஜூஸை ஊத்திட்டு உக்காந்தா யாருக்குத் தெரியும்?"

குடிப்பதற்காக உலகத்தில் ஆயிரம் விளையாட்டு உண்டு. குடிக்காத ஒருத்தனைக் குடிகாரர்கள் நடுவே பத்திரமாக உட்கார வைக்க ஒரு குடி விளையாட்டு என்பது என் அண்ணிக்கு மட்டும்தான் தோன்றும்.

கடையில் வாங்கிய கட்டு அவளுக்குச் சரிப்படவில்லை. சொந்தமாகவே செய்யப் போகிறேன் என்று இறங்கிவிட்டாள். மருந்துப் பெட்டி வெட்டியது போக மிஞ்சும் வெள்ளை அட்டையை மேனேஜரிடம் கேட்டு வாங்கிவந்தாள். தப்புக் கண்டுபிடிக்காமல் ஏதோ கேட்கிறாளே என்ற சந்தோஷத்தில் அவர் இரண்டு கட்டு கொடுத்தனுப்பினார். சமையலறையில் உட்கார்ந்து வெட்டினாள், வரைந்தாள். டிராகன் சளி பிடித்த ஓணான் மாதிரி இருந்தது. ராட்சசன் வாடகை கேட்டு வரும் எங்கள் வீட்டுக்காரர் மாதிரியே இருந்தான், அது தற்செயல் என்று சாதித்தாள்.

விதிகளைப் படித்த அன்று நான் நாற்காலியிலிருந்து விழாததுதான் மிச்சம். எல்லாம் மருந்துக் காகித பாஷை.

'டிராகன்: இந்தச் சீட்டு வந்தவர் ஒரு சுற்று முழுவதும் குடிக்கக் கூடாது. வாயில் நெருப்பு உள்ளது. மற்றவர்கள் ஒரு வாய்.'

'சூனியக்காரி: இந்தச் சீட்டு வந்தவர் தன் அடுத்த முறை வரும் வரை பேசக் கூடாது. பேசினால் ஒரு வாய். எதற்காகப் பேசினார் என்பது கணக்கில் வராது.'

'தவறவிட்ட வாயை ஈடுகட்ட ஒரே நேரத்தில் இரண்டு வாய் குடிக்க வேண்டாம்.'

கடைசியாக ஒரு சீட்டு. அதில்தான் அவள் ரொம்பப் பெருமைப்பட்டாள். பேர் கூடு விட்டுக் கூடு. ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்கு இரண்டு கிளிகள் தாண்டுகிற படம். 'இந்தச் சீட்டை எடுத்தவர் தனக்குப் பிடித்த ஒருவருடன் கோப்பையை மாற்றிக்கொள்ள வேண்டும். இருவரும் புதிய கோப்பையிலிருந்து ஒரு வாய் குடிக்க வேண்டும். மறுக்க முடியாது.'

வாரநாட்களில் சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஆடிப் பார்த்தோம். வேலை நாள் என்பதால் எனக்கும் ஜூஸ், அவளுக்கும் ஜூஸ், அண்ணனுக்கும் ஜூஸ். கூடு விட்டுக் கூடு வந்தபோதெல்லாம் கோப்பைகள் இங்கேயும் அங்கேயும் பறந்தன. யார் கோப்பை யாரிடம் போனாலும் அதே ஆப்பிள் ஜூஸ்தானே. சிரிப்பாகத்தான் இருந்தது. அண்ணி ஒவ்வொரு விதியையும் அடிக்கோல் வைத்துப் படித்தாள். ஓர் ஓட்டை இல்லை என்றாள். அண்ணனும் ஆமாம் என்றான். நானும் ஆமாம் என்றேன். மூன்று பேர், மூன்று மண்டை, ஒன்றில்கூட விளக்கு எரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டோம். புது விளையாட்டு என்றதும் சடசடவென்று வந்துவிட்டார்கள். பீப்பாய் காதோரம் நீல வண்ணம் காயாமலே வந்தார். இஸ்திரி மேஜையைச் சேர்த்துப் போட்டோம். அண்ணன் எல்லோருக்கும் ஊற்றினான். விஸ்கி, சோடா, ஐஸ், அதே பழைய கணக்கு. தன் கோப்பையை மட்டும் சமையலறையில் நிரப்பி எடுத்துவந்தான். ஐஸ் மிதந்தது, நிறம் அச்சாக ஒத்துப்போனது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஓணான் டிராகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் என்ன, வீடு ரெண்டுபட்டது. டீச்சருக்கு டிராகன் வந்து, ஒரு சுற்று முழுக்க மற்றவர்களைக் குடிக்க வைத்துவிட்டு மார்க் போடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லி விதி புரியவில்லை என்று மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் சூனியக்காரியிடம் மாட்டினான். அண்ணன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வானிலை பார்த்த ஆளா இவன் என்று இருந்தது. அண்ணி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். எப்படி என்று அர்த்தம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதற்கடுத்து அண்ணிக்கே சூனியக்காரி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பீப்பாயின் முறை. சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"கூடு விட்டுக் கூடு. தனக்குப் பிடித்த ஒருவருடன் கோப்பையை மாற்றிக்கொள்ள வேண்டும்." நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் பிடிச்சவன் இங்க ஒருத்தன்தானே இருக்கான். டேய் மாப்ள, எடுடா கிளாஸை."

வாயில் போட்ட வறுத்த கடலை எனக்கு அப்படியே நின்றுவிட்டது. அண்ணியைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. அச்சான காகிதத்தில் அரை மாத்திரை ஆறு ஆகியிருப்பதைக் கண்டால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். இந்தத் தடவை துண்டு துண்டாக்க நேரம் இல்லை.

"இருங்க, இருங்க, அந்தச் சீட்டு வேணாம்," என்றாள்.

"பேசிட்டாங்க," என்று கத்தினான் ஒல்லி. மூன்று தடவை மாட்டியவனுக்குப் பழி தீர்க்கும் சந்தோஷம். "ஒரு வாய் குடிங்க அக்கா."

"இல்லப்பா, அது தப்பா எழுதிட்டேன்..."

"எதற்காகப் பேசினார் என்பது கணக்கில் வராது," என்று டீச்சர் விதியை ஒப்பித்தார். "ரெண்டாவது வாய்."

அவள் எழுதிய விதியே அவள் வாயை அடைத்தது. அதற்குள் பீப்பாய் மேஜைக்கு மேலே கையை நீட்டி அண்ணன் கோப்பையை எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அவன் கையில் திணித்துவிட்டார். முக்கால் கோப்பை விஸ்கி. குடி, குடி என்று ஒல்லி மேஜையில் தாளம் போட ஆரம்பித்தான்.

அண்ணன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். எத்தனை சனிக்கிழமை வானிலை பார்த்து அதைத் தள்ளிவைத்திருந்தான். குடித்தால் அவ்வளவும் போச்சு. குடிக்காவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுந்து போய் அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டிருக்கலாம் நான். கடலையை வாயில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பீப்பாய் வழக்கம்போல ஒரு பெரிய வாய் இழுத்தார். இழுத்தவர் நிறுத்தினார். கன்னம் உப்பியபடி ஒரு கணம் அப்படியே இருந்தார். கண் மட்டும் அண்ணன் பக்கம் போனது. பிறகு விழுங்கினார்.

விழுங்கிவிட்டு இருமினார் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வரும் வரை இருமினார். நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"யப்பா. என்னடா இது, இவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கு."

ஒல்லியின் தாளம் நின்றது.

"என்னால முடியாதுப்பா. இதைக் குடிச்சா நான் வீடு போய்ச் சேர மாட்டேன். இவன் மனுசனே இல்ல." சொல்லிக்கொண்டே அண்ணன் கையிலிருந்து தன் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார். ஜூஸ் கோப்பையை அவன் முன்னால் வைத்தார். "உன்னுதை நீயே வெச்சுக்க. நான் தோத்துட்டேன்னே வெச்சுக்கங்க."

"உங்களுக்கா ஸ்ட்ராங்கு?" என்றார் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட பீற்றலெல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது.

"வயசாகுதுல்ல," என்றார் பீப்பாய்.

அதோடு அவரை விடுவார்களா? அன்று முழுக்க அவரை ஓட்டித் தள்ளினார்கள். பீப்பாய் என்கிற பெயரை அங்கேயே பறித்து, ஸ்பூன் என்று புதுப் பெயர் வைத்தான் ஒல்லி. ஊர் முழுக்கச் சொல்லப்போகிறேன் என்றான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டு கடலை தின்றார். அண்ணன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அவர்கள் போன பிறகு அண்ணன் கோப்பைகளைக் கழுவினான். அண்ணி துடைத்து வைத்தாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிருச்சு," என்றான்.

"தெரியும்."

"கயித்துல தொங்குறவன்டி அவன். அவனுக்குன்னு இருந்ததே அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் எனக்காக விட்டுக் குடுத்துட்டான்."

அண்ணி துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஸ்பூன் ஒரு பையோடு வந்தார். உள்ளேயிருந்து ஆப்பிள் ஜூஸ் அட்டைப் பெட்டி இரண்டு எடுத்து மேஜை நடுவில் வைத்தார்.

"போன வாரம் எனக்கு ஒத்துக்கலையே, அந்த ஸ்ட்ராங் சரக்கு," என்றார். "கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கலாம்னு வாங்கிட்டு வந்தேன். இன்னிக்கு எனக்கு இதான்."

ஒல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது, கூட்டிக் கழித்துப் பார்த்து அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"நான் நிறுத்திட்டேன். ஏழெட்டு மாசம் ஆகுது. சொல்லாம விட்டதுக்கு மன்னிச்சுக்கங்க."

ஒல்லிதான் முதலில் கேட்டான், அவன் முகத்தில் நிஜமான கவலை.

"அப்ப இனிமே எங்களுக்கு யாருண்ணே ஊத்துவா?"

அண்ணன் அவனைப் பார்த்தான். பிறகு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? கிளாஸை நீட்டுடா."

டீச்சருக்கு நிறைய சோடா, ஒல்லிக்கு மூன்று ஐஸ். ஸ்பூனுக்கும் தனக்கும் ஆப்பிள் ஜூஸ், எல்லோரும் பார்க்க, மேஜையிலேயே. அண்ணி சீட்டுக் கட்டைக் கலைத்தாள். அந்தக் கூடு விட்டுக் கூடு சீட்டை எடுத்துவிடலாமே என்று அவள் காதருகே சொன்னேன். ஓர் எழுத்துத் தப்பினால் ஒரு லாரி காகிதத்தைத் துண்டாக்குகிறவள் ஆயிற்றே.

அவள் அந்தச் சீட்டைத் தேடி எடுத்தாள். இரண்டு கிளிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இருக்கட்டும்டா," என்று சொல்லிவிட்டு, அதைக் கட்டுக்குள் செருகி ஸ்பூன் முன்னால் வைத்தாள். "நீங்க வெட்டிக் குடுங்கண்ணா."